கம்ப்யூட்டர் (சொல்)

கம்ப்யூட்டர் என்பது இன்று கணினி என்னும் மின்னணுக் கருவியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஆகும். எனினும் 17 ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக, இச்சொல் கணக்கிடும் வேலையைச் செய்யும் மனிதரையே முதன்மையாகக் குறித்து வந்தது. வான்காணகங்கள், நில அளவைத் துறைகள், கடற்பயண அட்டவணைகளைத் தயாரித்த அலுவலகங்கள், படைத்துறை ஆய்வுக்கூடங்கள் ஆகியவற்றில் "கம்ப்யூட்டர்" என்பது ஒரு பணியின் பெயராக இருந்தது. அப்பணியைச் செய்தவர்களின் வேலையை இயந்திரம் ஏற்றுக்கொண்டபோது, அவர்களது பெயரும் இயந்திரத்துக்கு உரியதாயிற்று.

இக்கட்டுரை இச்சொல்லின் பொருள் வரலாற்றைப் பற்றியது. கருவியைப் பற்றி அறிய, கணினி என்னும் கட்டுரையைப் பார்க்கவும். குழப்பத்தைத் தவிர்க்கும் பொருட்டு, இங்கு மனிதரைக் குறிக்க "கணிப்பாளர்" என்ற சொல்லும், இயந்திரத்தைக் குறிக்கக் "கணினி" என்ற சொல்லும் பயன்படுத்தப்படுகின்றன.

சொற்பிறப்பு

இச்சொல்லின் மூலம் "கம்ப்யூட்டாரே" என்னும் இலத்தீன் வினைச்சொல் ஆகும். இதில் "கம்" என்னும் முன்னொட்டு "சேர்த்து" என்று பொருள்படும். "புட்டாரே" என்பது முதலில் மரக்கிளைகளைக் கழித்துச் சீராக்குதலையும், பின்னர் கணக்கைச் சரிபார்த்தல், எண்ணுதல், கருதுதல் ஆகியவற்றையும் குறித்தது. எண்ணுதலைக் குறிக்கும் "கவுண்ட்", கணக்கைக் குறிக்கும் "அக்கவுண்ட்" ஆகிய ஆங்கிலச் சொற்களும் பிரெஞ்சு மொழி வழியாக இதே மூலத்திலிருந்து வந்தவையே.

ஆங்கிலத்தில் "-அர்" என்று ஒலிக்கும் ஈறு, ஒரு செயலைச் செய்பவரைக் குறிக்கும். கற்பிப்பவர் "டீச்சர்", எழுதுபவர் "ரைட்டர்" என்பன போலக் கணிப்பவர் "கம்ப்யூட்டர்" ஆனார். இதே ஈறு கருவிகளுக்கும் வழங்குகின்றது. ஆகவே இச்சொல் மனிதரிடமிருந்து கருவிக்கு மாறியபோது, அதன் வடிவத்தில் எந்த மாற்றமும் தேவைப்படவில்லை.

இடைக்கால ஐரோப்பாவில் "கம்ப்யூட்டஸ்" என்பது ஒரு தனிக் கல்வித் துறையாக இருந்தது. ஈஸ்டர் திருநாள் எந்த நாளில் வரும் என்று கணக்கிடுவதே அதன் முக்கிய நோக்கமாகும். இதற்குச் சூரியன், சந்திரன் ஆகிய இரண்டின் இயக்கங்களையும் கிழமையையும் இணைத்துக் கணக்கிட வேண்டியிருந்தது. இங்கிலாந்துத் துறவி பீட் 725 ஆம் ஆண்டில் எழுதிய காலக் கணிப்பு நூல், இத்துறையில் பல நூற்றாண்டுகள் பாடநூலாக விளங்கியது.

தொடக்ககாலப் பயன்பாடு

இச்சொல்லின் பதிவுகளில் இதுவரை அறியப்பட்டவற்றுள் மிகப் பழையது, ரிச்சர்ட் பிராத்வெயிட் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1613 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் உள்ளது. அங்கு இச்சொல் காலத்தைக் கணக்கிடும் ஒருவரைக் குறிக்கின்றது. 1646 இல் தாமஸ் பிரவுனும் நாட்காட்டிக் கணக்குகளில் ஈடுபட்டவர்களைக் குறிக்க இதனைப் பயன்படுத்தினார். இக்காலத்தில் இது ஒரு தொழிற்பெயர் அன்று. கணக்கிடும் எவரையும் குறிக்கும் பொதுச்சொல்லாகவே இருந்தது. 18 ஆம் நூற்றாண்டில் பெருமளவு கணக்குகளை ஊதியத்துக்குச் செய்து தரும் ஆட்கள் தேவைப்பட்டபோது, இது ஒரு தொழிலின் பெயராக மாறியது.

கணிப்பாளர் தொழிலின் வளர்ச்சி

ஹேலியின் வால்வெள்ளி

பெருங்கணக்கு ஒன்றைப் பலர் பகிர்ந்து செய்யும் முறைக்கு ஆரம்பகால எடுத்துக்காட்டு பிரான்சில் காணப்படுகின்றது. ஹேலியின் வால்வெள்ளி மீண்டும் தோன்றும் காலத்தைத் துல்லியமாக அறிய, வியாழன், சனி ஆகிய கோள்களின் ஈர்ப்பு அதன் பாதையை எவ்வளவு மாற்றும் எனக் கணக்கிட வேண்டியிருந்தது. 1758 இல் அலெக்சிஸ் கிளேரோ, ஜெரோம் லாலாந்து, நிக்கோல்-ரெய்ன் லெபோத் ஆகிய மூவரும் பல மாதங்கள் உழைத்து இக்கணக்கைச் செய்தனர். வால்வெள்ளி 1759 ஏப்ரல் நடுப்பகுதியில் சூரியனுக்கு மிக அருகில் வரும் என்றும், ஒரு மாத அளவு பிழை இருக்கலாம் என்றும் கிளேரோ அறிவித்தார். அது 1759 மார்ச் 13 அன்று அந்நிலையை அடைந்தது. கிளேரோ பின்னர் வெளியிட்ட நூலில் லெபோத் அம்மையாரின் பங்கு குறிப்பிடப்படவில்லை. லாலாந்து தம் எழுத்துகளில் அதனைப் பதிவு செய்ததாலேயே அது பிற்காலத்தவருக்குத் தெரிய வந்தது.

கடற்பயண அட்டவணை

கடலில் கப்பலின் நிலநிரைக்கோட்டை அறிய, சந்திரனுக்கும் குறிப்பிட்ட விண்மீன்களுக்கும் இடையிலான கோணத் தொலைவுகளின் அட்டவணை தேவைப்பட்டது. பிரித்தானிய அரசு வானியலாளர் நெவில் மாஸ்கெலின், 1767 ஆம் ஆண்டுக்கான அட்டவணையில் தொடங்கி, இதனை ஆண்டுதோறும் வெளியிட்டார். கணக்குகளைச் செய்தவர்கள் நாட்டின் பல ஊர்களில் தத்தம் வீடுகளிலிருந்தே வேலை செய்தனர். அவர்களது பணிப்பெயர் "கம்ப்யூட்டர்" என்பதாகும்.

பிழைகளைக் கண்டறிய ஒரே கணக்கு இருவரிடம் தனித்தனியே கொடுக்கப்பட்டது. மூன்றாமவர் ஒருவர் இரு விடைகளையும் ஒப்பிட்டுச் சரிபார்த்தார். இருவர் தமக்குள் விடைகளைப் பகிர்ந்துகொண்டது கண்டுபிடிக்கப்பட்டு, அவர்கள் வேலையிலிருந்து நீக்கப்பட்ட நிகழ்வும் உண்டு. ஒரே கணக்கைத் தனித்தனி வழிகளில் செய்து ஒப்பிடும் இம்முறை, பிழை பொறுக்கும் கணினி அமைப்புகளில் இன்றும் கையாளப்படுகின்றது.

இக்கணிப்பாளர்களுள் மேரி எட்வர்ட்ஸ் குறிப்பிடத்தக்கவர். தொடக்கத்தில் இவ்வேலை இவரது கணவர் பெயரில் வழங்கப்பட்டிருந்தது. 1784 இல் கணவர் இறந்த பின்னர், கணக்குகளில் பெரும்பகுதியைச் செய்து வந்தவர் மேரியே என்பது வெளிப்பட்டது. அதன்பின் அவர் பெயரிலேயே வேலை தொடர்ந்தது. அவரது மகள் எலைசாவும் இப்பணியைச் செய்தார். 1830களின் தொடக்கத்தில் இவ்வேலை இலண்டன் அலுவலகம் ஒன்றுக்கு மாற்றப்பட்டபோது, வீட்டிலிருந்து கணிக்கும் முறை முடிவுக்கு வந்தது.

வேலைப் பிரிவினை

பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின்னர், 1790களில், காஸ்பார் தெ ப்ரோனி என்னும் பொறியாளர் மடக்கை மற்றும் முக்கோணவியல் அட்டவணைகளைத் தயாரிக்கும் பெரும் பணியை மேற்கொண்டார். அவர் வேலையாட்களை மூன்று பிரிவாகப் பிரித்தார்.

* முதல் பிரிவு: பயன்படுத்த வேண்டிய சூத்திரங்களைத் தேர்ந்த சில கணிதவியலாளர்கள்.
* இரண்டாம் பிரிவு: அச்சூத்திரங்களைக் கணக்கிடத்தக்க படிகளாக மாற்றியவர்கள்.
* மூன்றாம் பிரிவு: கூட்டல், கழித்தல் ஆகியவற்றை மட்டும் செய்த 60 முதல் 80 பேர்.

மூன்றாம் பிரிவில் இருந்தவர்களுக்கு உயர்கணிதம் தெரிந்திருக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ், தாம் 1832 இல் வெளியிட்ட நூலில் இந்த ஏற்பாட்டை விரிவாக விளக்கியுள்ளார். கூட்டலும் கழித்தலும் மட்டுமே எஞ்சிய வேலையை இயந்திரத்திடம் ஒப்படைக்கலாம் என்பது அவர் வாதம். எனினும் பாபேஜ் தம் இயந்திரங்களைக் "கம்ப்யூட்டர்" என்று அழைக்கவில்லை. அவை "எஞ்சின்" என்றே பெயர் பெற்றன. அவர் காலத்தில் "கம்ப்யூட்டர்" என்றால் மனிதரே ஆவார்.

இந்தியாவில் கணிப்பாளர்கள்

இந்தியாவின் பெரும் முக்கோணவியல் அளவைப் பணி, 1802 ஆம் ஆண்டில் வில்லியம் லாம்ப்டன் சென்னை பரங்கிமலைப் பகுதியில் அடிக்கோடு ஒன்றை அளந்ததுடன் தொடங்கியது. களத்தில் அளக்கப்பட்ட கோணங்களை அப்படியே பயன்படுத்த முடியாது. புவியின் வளைவு, காற்றில் ஏற்படும் ஒளிவிலகல், வெப்பத்தால் அளவுச் சங்கிலி நீளுதல் ஆகியவற்றுக்குத் திருத்தங்கள் செய்ய வேண்டும். இக்கணக்குகளைச் செய்யவே இத்துறையில் கணிப்பாளர்கள் நியமிக்கப்பட்டனர்.

அவர்களுள் பெரிதும் அறியப்பட்டவர் வங்காளத்தைச் சேர்ந்த ராதாநாத் சிக்தார் (1813–1870) ஆவார். 1831 இல் கணிப்பாளராகப் பணியில் சேர்ந்த இவர், பின்னர் தலைமைக் கணிப்பாளர் ஆனார். "15 ஆம் கொடுமுடி" என்று குறிக்கப்பட்ட இமயமலைச் சிகரமே உலகில் மிக உயரமானது என்பது 1850களில் இத்துறையின் கணக்குகளிலிருந்து தெரிய வந்தது. அதன் உயரம் 29,002 அடி (ஏறத்தாழ 8,840 மீட்டர்) என 1856 இல் நில அளவைத் தலைவர் ஆண்ட்ரூ வா அறிவித்தார். 2020 இல் நேபாளமும் சீனாவும் இணைந்து அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர். அதாவது, மலையின் மீது ஏறாமல் நெடுந்தொலைவிலிருந்து அளந்து, தாளில் கணக்கிட்ட விடைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 9 மீட்டரே ஆகும்.

இக்கண்டுபிடிப்பில் சிக்தாரின் பங்கு எவ்வளவு என்பது குறித்து வரலாற்றாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் 1865 இல் அச்சிகரத்துக்குச் சூட்டப்பட்ட பெயர், முன்னாள் நில அளவைத் தலைவர் ஜார்ஜ் எவரெஸ்டினுடையது. இந்திய அஞ்சல் துறை 2004 ஆம் ஆண்டில் இந்த அளவைப் பணியை நினைவுகூர்ந்து வெளியிட்ட அஞ்சல்தலைகளில் சிக்தாரும் இடம்பெற்றார்.

ஹார்வர்டு வான்காணகம்

அமெரிக்காவின் ஹார்வர்டு வான்காணகத்தில் எட்வர்டு பிக்கரிங் இயக்குநராக இருந்த காலத்தில் (1877–1919), விண்மீன்களின் கண்ணாடி ஒளிப்படத் தகடுகளை ஆராயப் பெண்கள் பெருமளவில் பணியமர்த்தப்பட்டனர். இவர்களது பணிப்பெயரும் "கம்ப்யூட்டர்" என்பதேயாகும். இவர்களுக்கு ஆண்களைவிடக் குறைந்த ஊதியமே வழங்கப்பட்டது. மணிக்கு 25 சென்ட் என்பது வழக்கமாக இருந்தது. இவர்கள் எண்களைக் கூட்டியதோடு நின்றுவிடவில்லை.

* வில்லியமினா பிளெமிங்: குதிரைத்தலை நெபுலாவை 1888 ஆம் ஆண்டுத் தகடு ஒன்றில் கண்டறிந்தார்.
* ஆனி ஜம்ப் கேனன்: ஏறத்தாழ 3,50,000 விண்மீன்களை வகைப்படுத்தினார். அவர் சீரமைத்த வகைப்பாட்டு முறையே இன்றைய முறைக்கு அடிப்படையாகும்.
* ஹென்ரியேட்டா லெவிட்: செஃபீடு வகை மாறும் விண்மீன்களின் அலைவுக் காலத்துக்கும் ஒளிர்வுக்கும் உள்ள தொடர்பை 1912 இல் நிறுவினார். விண்மீன் பேரடைகளின் தொலைவை அளக்க எட்வின் ஹபிள் பயன்படுத்தியது இத்தொடர்பையே ஆகும்.

போர்க்காலமும் வானூர்தி ஆய்வும்

பெரும் பொருளாதார வீழ்ச்சியின்போது வேலையற்றோருக்கு வேலை வழங்கும் அமெரிக்க அரசுத் திட்டத்தின் ஒரு பகுதியாக, 1938 இல் நியூயார்க் நகரில் கணித அட்டவணைத் திட்டம் தொடங்கப்பட்டது. கெர்ட்ரூடு பிளாஞ்ச் என்னும் கணிதவியலாளர் இதன் கணக்குகளை வழிநடத்தினார். நூற்றுக்கணக்கான கணிப்பாளர்கள் இதில் பணியாற்றினர்.

வர்ஜீனியா மாநிலத்தின் லாங்லி வானூர்தி ஆய்வுக்கூடத்தில் 1935 இல் ஐந்து பெண்களுடன் கணிப்பாளர் குழு ஒன்று அமைக்கப்பட்டது. 1943 முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்களும் சேர்க்கப்பட்டனர். ஆனால் அக்கால இனப் பிரிவினைச் சட்டங்களால் அவர்கள் தனிக் கட்டடத்தில் அமர்த்தப்பட்டனர். அக்குழுவுக்கு டோரத்தி வான் 1949 இல் தலைவரானார். 1953 இல் அங்கு சேர்ந்த கேத்தரின் ஜான்சன், 1962 இல் ஜான் கிளென் புவியைச் சுற்றிவரப் புறப்படும் முன், மின்னணுக் கணினி தந்த விடைகளை மேசைக் கணிப்பான் கொண்டு சரிபார்த்தார். இச்சரிபார்ப்பைக் கிளென்னே கேட்டுக்கொண்டார். ஜான்சன் 2020 இல் தமது 101 ஆம் வயதில் காலமானார்.

மனிதரிலிருந்து இயந்திரத்துக்கு

19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே கணக்கிடும் கருவிகளுக்கும் இச்சொல் அவ்வப்போது வழங்கியது. எனினும் 1936 இல் ஆலன் டூரிங் எழுதிய புகழ்பெற்ற ஆய்வுரையில் "கம்ப்யூட்டர்" என்று வருமிடங்களில் எல்லாம், தாளும் எழுதுகோலும் கொண்டு விதிப்படி கணக்கிடும் ஒரு மனிதரே குறிக்கப்படுகின்றார். அம்மனிதர் செய்வதை மிக எளிய படிகளாகப் பகுத்தே டூரிங் தம் கருத்தியல் இயந்திரத்தை உருவாக்கினார். கணினி அறிவியலின் அடித்தளமான இவ்வுரையை, இச்சொல்லின் பழைய பொருள் அறியாமல் படிப்பவர் எளிதில் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும்.

இரண்டாம் உலகப்போரின்போது பீரங்கிக் குண்டின் பாதை ஒன்றைக் கணக்கிட, மேசைக் கணிப்பான் வைத்திருந்த ஒருவருக்கு ஏறத்தாழ 20 மணி நேரம் தேவைப்பட்டது. 1946 இல் பொதுமக்களுக்கு அறிமுகப்படுத்தப்பட்ட எனியாக் அதே கணக்கை ஏறத்தாழ 30 நொடிகளில் செய்தது. எனியாக் என்னும் பெயரின் இறுதி எழுத்து "கம்ப்யூட்டர்" என்பதன் சுருக்கமாகும். அதன் முதல் நிரலாளர்களான ஆறு பெண்களும், அதற்கு முன் மனிதக் கணிப்பாளர்களாகப் பணியாற்றியவர்களே. இச்சொல் கைமாறிய நிலையை ஓரிடத்தில் காண வேண்டுமாயின் அது இங்குதான் எனலாம். அறிமுக விழாவில் இவர்களது பங்கு குறிப்பிடப்படவில்லை. பல பத்தாண்டுகள் கழித்தே, 1997 இல், தொழில்நுட்பத் துறைப் பெண்களின் பன்னாட்டு அமைப்பு ஒன்று இவர்களுக்குச் சிறப்புச் செய்தது.

இருபொருள் தந்த குழப்பம் அக்காலத்தவராலும் உணரப்பட்டது. பெல் ஆய்வகத்தின் ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ் 1945 ஆம் ஆண்டு அறிக்கை ஒன்றில், "கம்ப்யூட்டர்" என்பதை இயந்திரத்துக்கு ஒதுக்கி, மனிதரை "ஆப்பரேட்டர்" என அழைக்குமாறு வரையறுத்தார். மறுபுறம், ஹார்வர்டு மார்க் 1 (1944), கேம்பிரிட்ஜின் எட்சாக் (1949) போன்றவற்றின் முழுப்பெயர்களில் "கால்குலேட்டர்" என்ற சொல்லே இடம்பெற்றது. 1951 இல் வெளிவந்த யூனிவாக் தன் பெயரில் "கம்ப்யூட்டர்" என்பதைக் கொண்டிருந்தது. டூரிங் 1950 இல் எழுதிய கட்டுரையில், மனிதரைக் குறிக்க "மனிதக் கம்ப்யூட்டர்" என அடைமொழி சேர்க்க வேண்டியிருந்தது. அடைமொழி இன்றி வழங்கும் உரிமை இயந்திரத்துக்கு மாறிக்கொண்டிருந்ததை இது காட்டுகின்றது.

பிற மொழிகளில்

கணினிக்குப் பெயரிட்டபோது எல்லா மொழிகளும் "கணக்கிடுதல்" என்னும் கருத்தையே தேர்ந்தெடுக்கவில்லை.

* பிரெஞ்சு: "ஒர்தினாத்தர்" – ஒழுங்குபடுத்துபவர். ஐபிஎம் நிறுவனத்தின் பிரெஞ்சுக் கிளை கேட்டுக்கொண்டதற்கு இணங்க, பேராசிரியர் ஜாக் பெரே 1955 இல் பரிந்துரைத்தது.
* பின்னிய மொழி: "தியெத்தோகோனே" – அறிவு இயந்திரம்.
* ஐசுலாந்து மொழி: "தோல்வா" – எண், குறிசொல்லும் பெண் ஆகிய பொருளுடைய இரு சொற்களின் இணைப்பு.
* சீனம்: "தியென்னாவ்" – மின்மூளை.

தமிழில்

தமிழில் "கணி" என்னும் வேரிலிருந்து கணிப்பொறி, கணினி, கணிப்பான் ஆகிய சொற்கள் ஆக்கப்பட்டன. இலங்கையில் "கணனி" என்ற வடிவமும் வழங்கியது. கணிப்பான் என்பது இப்போது பெரும்பாலும் சிறு கணக்கிடு கருவியைக் குறிக்கின்றது.

தமிழிலும் இவ்வேர் தொடக்கத்தில் மனிதரோடு தொடர்புடையதே. "கணி", "கணியன்" என்பன காலத்தைக் கணித்துச் சொல்பவரைக் குறித்தன. சங்கப் புலவர் கணியன் பூங்குன்றனாரின் பெயரில் இச்சொல் இன்றும் நிலைத்துள்ளது. 1613 இல் ஆங்கிலச் சொல் முதலில் பதிவானபோது அது கொண்டிருந்த பொருளும் இதற்கு மிக நெருக்கமானதாகும்.

இத்தகைய கணிதர் ஒருவரின் வேலைமுறை எழுத்தில் பதிவாகியுள்ளது. ஜான் வாரன் 1825 இல் சென்னையில் வெளியிட்ட "கால சங்கலித" என்னும் ஆங்கில நூலில், புதுச்சேரியைச் சேர்ந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் அவ்வாண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்த விதம் விவரிக்கப்பட்டுள்ளது. அவர் தாளில் எழுதாமல், தரையில் சோழிகளை வைத்தும் அகற்றியும், மனனம் செய்திருந்த அட்டவணைகளைக் கொண்டும் கணக்கிட்டார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் அவர் விடைக்கும் உண்மைக்கும் இருந்த வேறுபாடு ஏறத்தாழ 4 நிமிடங்கள். முடியும் நேரத்தில் இது 52 நிமிடங்கள் வரை இருந்தது. அறிவியல் வரலாற்றாளர் ஓட்டோ நியூகெபாவர் 1952 இல் இப்பதிவை விரிவாக ஆராய்ந்தார்.

பழைய ஆவணங்களை வாசித்தல்

1940களுக்கு முற்பட்ட ஆங்கில ஆவணங்களில் "கம்ப்யூட்டர்" என்று வந்தால், அது பெரும்பாலும் மனிதரையே குறிக்கும். அவற்றைத் தமிழில் பெயர்க்கும்போது "கணினி" என்று எழுதுவது பொருளை மாற்றிவிடும். ராதாநாத் சிக்தார் "தலைமைக் கணினி" அல்லர். ஹார்வர்டில் பணியாற்றியவர்கள் "ஹார்வர்டு கணினிகள்" அல்லர். இவ்வாறு எழுதினால், ஊதியம் பெற்று உழைத்த மனிதர் இருந்த இடத்தில் கருவி ஒன்று இருந்ததாகவே வாசகர் கொள்வர். இக்கணிப்பாளர்களுள் பலரது பெயர்கள் அவர்கள் காலத்து வெளியீடுகளிலேயே விடுபட்டுப் போனவை. பல இடங்களில் அவர்கள் இருந்தமைக்கு எஞ்சியுள்ள சான்று ஆவணங்களில் உள்ள இப்பணிப்பெயரே ஆகும்.

ஒத்த மாற்றம் பெற்ற சொற்கள்

* கால்குலேட்டர்: கணக்கிடும் மனிதரைக் குறித்த சொல், இன்று கருவியை மட்டுமே குறிக்கின்றது.
* டைப்ரைட்டர்: 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் தட்டச்சுப் பொறி, தட்டச்சர் ஆகிய இரண்டையும் குறித்தது, பின்னர் பொறிக்கு மட்டும் உரியதாயிற்று.
* பிரிண்டர்: அச்சுத் தொழில் செய்பவரைக் குறித்த சொல், இன்று அச்சுப்பொறியையும் குறிக்கின்றது.

இவற்றையும் பார்க்கவும்

* கணினி
* எனியாக்
* ராதாநாத் சிக்தார்
* ஹென்ரியேட்டா லெவிட்
* கணியன் பூங்குன்றனார்